ஒரு அட்டை, மூன்று அர்த்தம்

வழக்கமாக ஜி.எஸ்.டி., பரீட்சை, பஸ் பயணம் என்று எதையாவது எழுதுவேன். இந்த முறை கொஞ்சம் சீரியஸான விஷயம். கடைசி செமஸ்டரில் இருக்கிற எல்லோருக்கும் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விதான்: அடுத்து என்ன? நான் கிறிஸ்தவ வீட்டுப் பெண். அதனால் அந்தக் கேள்வி எனக்கு இன்னொரு வடிவத்திலும் வருகிறது: நான் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கடவுள் நினைக்கிறார்? அதை எப்படித் தெரிந்துகொள்வது?

வகுப்பில் பக்கத்தில் உட்காரும் தோழியிடம் இதைச் சொன்னேன். அவள் சட்டென்று கேட்டாள், "நாங்க கோயில்ல பூக்கட்டிப் பாப்போம். ரெண்டு கலர் பூ பொட்டலம். நெனச்ச கலர் வந்தா சரி, வரலைன்னா வேண்டாம். நீங்க என்னடி பண்ணுவீங்க?"

"நாங்க ஜெபம் பண்ணுவோம்" என்றேன். அவள் விடவில்லை. "அது கேக்குறது. பதில் எப்படி வரும்?"

நல்ல கேள்வி. அவளுக்கு அன்று நான் சொன்ன பதிலை விட நீளமான பதில் இது.

முதலில் எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வள்ளியூர் பக்கத்துக் கிராமம். டிசம்பர் 31 இரவு கோயிலில் ஆராதனை நடக்கும். (நாங்களும் சர்ச்சை கோயில் என்றுதான் சொல்வோம்.) 12 மணிக்கு மணி அடித்து, வாழ்த்துச் சொல்லி முடித்த பிறகு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். தட்டில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். வீட்டுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதுதான் அந்த வருடம் முழுக்க அந்த வீட்டுக்கான வசனம். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும், அல்லது அம்மாவின் பைபிளுக்குள் இருக்கும்.

இந்த வருடம் எங்கள் வீட்டுக்கு வந்தது, நீ போகிற இடத்திலெல்லாம் நான் கூட இருப்பேன் என்று கடவுள் சொல்கிற மாதிரி ஒரு வசனம்.

அம்மா அதை வாசித்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, போகிற இடம்னு இருக்கு. மெட்ராஸ்தான்." சென்னையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்து, சித்தி வீட்டில் தங்கி, நான் சி.ஏ. படிக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. பி.காம். படித்தவர்கள் 55 சதவீதம் வாங்கியிருந்தால் ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இன்டருக்குப் போகலாம். எனக்கு மார்க் இருக்கிறது. ஆசையும் இருக்கிறது.

அடுத்த நாள் கேக் சாப்பிட வந்த அத்தையும் அதே அட்டையை வாசித்தார். "ஏட்டி, போகிற இடம்னா வெளிநாடு. அந்த மஸ்கட் மாப்பிள்ளை வீட்ல இன்னும் காத்துட்டுதான் இருக்காவ." அத்தைக்கு ஏற்கெனவே இதைப் பற்றி ஒரு கனவும் வந்திருந்தது. கனவில் நான் விமானத்தில் ஏறினேனாம் :-)

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் போன பிறகு மெதுவாக, "இருக்கிற இடத்துலயும் கூட இருப்பார்ல?" என்று மட்டும் கேட்டார்.

அப்பாவுக்கு ஒரு மளிகைக் கடை. நான் இரண்டாம் வருடம் படிக்கும்போது அவருக்குப் பக்கவாதம் வந்தது. உயிருக்கு ஆபத்தில்லாமல் தப்பித்தார். வலது கை மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. எடை போடலாம், பொட்டலம் கட்ட முடியாது. கணக்கு எழுத முடியாது.

ஆக, ஒரே அட்டை. அம்மாவுக்கு சென்னை, அத்தைக்கு மஸ்கட், அப்பாவுக்குக் கடை. மூன்று பேரும் என்மேல் பாசம் உள்ளவர்கள். மூன்று பேரும் ஜெபம் பண்ணுகிறவர்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் தங்கள் மனதில் ஏற்கெனவே இருந்ததை அந்த அட்டையில் வாசித்தார்கள். எனக்கு உறைத்தது இதுதான்: அடையாளம் கிடைப்பது ஒன்றும் கஷ்டமில்லை. அதற்கு அர்த்தம் சொல்வது யார் என்பதில்தான் சிக்கல்.

அதற்குப் பிறகு பைபிளில் கடவுள் மனிதர்களை வழிநடத்திய இடங்களைத் தேடி வாசிக்க ஆரம்பித்தேன். சண்டே ஸ்கூலில் கேட்ட கதைகள்தான். ஆனால் சொந்தக் கேள்வியோடு வாசிக்கும்போது அவை வேறு மாதிரி தெரிகின்றன.

உதாரணமாக கிதியோன். நியாயாதிபதிகள் புத்தகத்தில் வருகிறவர். ஆட்டு ரோமத் தோலை களத்தில் போட்டு, தோலில் மட்டும் பனி பெய்ய வேண்டும், தரை காய்ந்திருக்க வேண்டும் என்று கடவுளிடம் அடையாளம் கேட்டார். கிடைத்தது. மறுநாள் அப்படியே தலைகீழாகக் கேட்டார். அதுவும் கிடைத்தது. எங்கள் ஆட்கள் அடையாளம் கேட்பதற்கு எப்போதும் காட்டும் உதாரணம் இவர்தான். ஆனால் கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து வாசித்தால் ஒரு விஷயம் தெரியும். என்ன செய்ய வேண்டும் என்பது கிதியோனுக்கு முன்பே தெளிவாகச் சொல்லப்பட்டுவிட்டது. தோலைப் போட்டது வழி தெரியாததால் அல்ல, தைரியம் போதாததால். கடவுள் கோபிக்காமல் இரண்டு முறையும் இறங்கி வந்தார், அது அவருடைய பொறுமை. பயப்படுகிறவர்களுக்கு அதில் ஆறுதல் உண்டு. ஆனால் முடிவெடுக்கும் முறை என்று அதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது.

தோழி சொன்ன பூக்கட்டிப் பார்ப்பது மாதிரியே ஒன்று புதிய ஏற்பாட்டிலும் உண்டு. யூதாஸின் இடத்துக்கு இன்னொருவரைத் தேர்ந்தெடுக்க சீஷர்கள் சீட்டுப் போட்டார்கள். மத்தியா பெயர் வந்தது. இது அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரம். இரண்டாம் அதிகாரத்தில் பரிசுத்த ஆவி அவர்கள்மேல் இறங்குகிறார். அதற்குப் பிறகு அந்தப் புத்தகம் முழுக்கத் தேடினாலும் அவர்கள் சீட்டுப் போட்டதாக இல்லை. பேசுகிறார்கள், வாதாடுகிறார்கள், உபவாசம் இருக்கிறார்கள், கூடி முடிவெடுக்கிறார்கள். சீட்டை விட இது கஷ்டமான வழி. சீட்டுக்கு யோசிக்கத் தேவையில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது 16-ஆம் அதிகாரம். பவுல் ஒரு பக்கம் போகப் பார்க்கிறார், தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார், அதுவும் தடை. கடைசியில் துரோவா என்ற துறைமுகத்தில் வந்து நிற்கிறார். அங்கே இரவில் ஒரு தரிசனம்: மக்கெதோனியாவைச் சேர்ந்த ஒரு ஆண் உதவிக்கு வரச் சொல்லிக் கூப்பிடுகிறான். கப்பல் ஏறிப் போகிறார்கள். போன இடத்தில் முதலில் காது கொடுத்துக் கேட்டது யார் தெரியுமா? ஒரு பெண். லீதியாள். விலை உயர்ந்த இரத்தாம்பரத் துணி விற்கும் வியாபாரி. (காமர்ஸ் மாணவியாக எனக்கு இதில் தனிப் பெருமை!) தரிசனத்தில் பார்த்த ஆளை அங்கே சந்தித்ததாக எங்கும் சொல்லப்படவில்லை. அதே ஊரில் பவுலும் சீலாவும் அடி வாங்கி, கால்களில் தொழுமரம் மாட்டப்பட்டு சிறையில் கிடந்தார்கள். கடவுள் காட்டிய வழி என்றால் எல்லாம் சுலபமாக நடக்கும், கஷ்டம் வந்தால் வழி தவறிவிட்டோம் என்று நாங்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பிலிப்பி பட்டணத்துச் சிறையில் அந்தக் கணக்கு உதைக்கிறது.

பைபிள் காலத்தை விட்டுவிட்டு எங்கள் ஊருக்கே வருகிறேன். எங்கள் கிராமத்திலிருந்து டோனாவூர் அதிக தூரமில்லை. அங்கே ஏமி கார்மைக்கேல் அம்மாவை அறியாதவர்கள் கிடையாது. 1867-ல் அயர்லாந்தில் பிறந்தவர். இங்கே குழந்தைகளுக்காக வேலை செய்யவே பிறந்தவர் மாதிரி மேடைகளில் பேசுவார்கள். அவர் வந்த பாதையைப் பார்த்தால் அப்படி நேர்க்கோடாக இல்லை. முதலில் சீனாவுக்குப் போக நினைத்தார். உடல்நிலை சரியில்லை என்று மிஷனில் நிறுத்திவிட்டார்கள். 1893-ல் ஜப்பான் போனார். அங்கேயும் உடம்பு ஒத்துழைக்கவில்லை. நடுவில் கொஞ்ச காலம் இலங்கை. பிறகு திரும்பவும் சொந்த நாடு. 1895-ல்தான் இந்தியா வந்தார், அதுவும் முதலில் பெங்களூருக்கு. பிறகு திருநெல்வேலிப் பக்கம் வந்து, தமிழ் படித்து, கிராமம் கிராமமாகச் சுவிசேஷம் சொல்லப் போய்க்கொண்டிருந்தார். 1901-ல், கோயிலுக்குக் கொடுக்கப்படவிருந்த ஒரு சின்னப் பெண் தப்பித்து அவரிடம் வந்து சேர்ந்தாள். அந்தக் குழந்தை வந்த பிறகுதான் அவருடைய வாழ்நாள் வேலை என்ன என்பது தெரிய ஆரம்பித்தது. அப்போது அவருக்கு 33 வயது.

1931-ல் கீழே விழுந்து அடிபட்டு, 1951-ல் இறக்கும் வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். அந்த வருடங்களிலும் எழுதிக்கொண்டே இருந்தார். சீனா கதவு மூடியபோது அவருக்கு டோனாவூர் தெரிந்திருக்குமா? டோனாவூர் என்ற பெயரையாவது கேட்டிருப்பாரா? பின்னால் திரும்பிப் பார்க்கும்போதுதான் அது பாதை. நடக்கும்போது வெறும் காடு.

இன்னொருவர் வேலூர் சி.எம்.சி.யை ஆரம்பித்த ஐடா ஸ்கடர். மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்றிருந்த பெண். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று பேர் தனித்தனியாக வந்து கதவைத் தட்டினார்கள். மூவர் வீட்டிலும் மனைவி பிரசவ வேதனையில். ஐடாவின் அப்பா டாக்டர். ஆனால் ஆண் டாக்டர் பிரசவம் பார்க்கக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். ஐடா அமெரிக்கா போய் 1899-ல் டாக்டர் பட்டம் வாங்கினார், அடுத்த வருடமே திரும்பி வந்தார், 1918-ல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அவருக்கு வானத்திலிருந்து குரல் வந்ததாக நான் வாசித்ததில்லை. வந்தது கதவு தட்டும் சத்தம். தேவை வாசலில் வந்து நின்றது, அவர் அதைக் கேட்டார்.

இவ்வளவையும் வாசித்த பிறகும் என் கேள்வி அப்படியே இருந்தது :-) கடைசியில் எங்கள் சபை ஐயரிடம் போனேன். (எங்கள் பக்கம் சி.எஸ்.ஐ. போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம், குழம்ப வேண்டாம்.) "எனக்காக ஜெபம் பண்ணி ஆண்டவர் என்ன சொல்லுதார்னு சொல்லுங்கய்யா" என்றேன்.

"எனக்கு உன் விஷயத்தை எதுக்கும்மா சொல்லப் போறார்? உனக்குத்தான சொல்லணும்" என்று சிரித்தார். பிறகு மூன்று கேள்வி கேட்டார். உன் கண் முன்னால இன்னைக்கு இருக்கிற வேலை என்ன? அதை நீ செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்? ஒவ்வொரு வழியையும் நீ எதனால் விரும்புகிறாய், எதனால் பயப்படுகிறாய்? "இதை ஒரு பேப்பர்ல எழுதிட்டு அப்புறம் ஜெபம் பண்ணு" என்றார்.

எழுதினேன். முதல் கேள்விக்குப் பதில் எழுத அப்பாவின் பற்று நோட்டை எடுக்க வேண்டியிருந்தது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகு அதை அம்மாவும் தம்பியும் மாறி மாறி எழுதியிருந்தார்கள். சில பக்கங்களில் தேதி இல்லை. சிலவற்றில் பெயரே இல்லை, 'பச்சை வீடு' என்று மட்டும் இருந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொரு பேராகத் தனிக் கணக்கு போட்டேன். ஊரில் 43 வீடுகள் கடைக்குத் தர வேண்டியது 1,84,000 ரூபாய். மொத்த வியாபாரிகளுக்குக் கடை தர வேண்டியது 2,30,000. வகுப்பில் கடனாளிகள், கடனீந்தோர் என்று எத்தனையோ கணக்கு போட்டிருக்கிறேன். இந்த இரண்டு எண்களைப் பார்த்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது.

இரண்டாவது கேள்வி: வேறு யார் செய்வார்கள்? தம்பி பிளஸ் ஒன். அம்மாவுக்குக் கணக்கு வராது. ஆள் வைக்கக் கட்டுபடியாகாது. இப்போது கடையை அப்படியே மூடினால் வர வேண்டியது வராது, தர வேண்டியது மட்டும் நிற்கும். அந்த 43 வீட்டில் பாதிப்பேர் கூலி வேலைக்குப் போகிறவர்கள். சனிக்கிழமைச் சம்பளம் வரும் வரை எங்கள் கடை அரிசியில்தான் அடுப்பு எரிகிறது.

மூன்றாவது கேள்விதான் கஷ்டமாக இருந்தது. சென்னையை எதனால் விரும்புகிறேன்? சி.ஏ. பிடிக்கும், அது உண்மை. ஊரை விட்டுப் போக வேண்டும் என்ற ஆசையும் உண்மை. கடையை எதனால் பயப்படுகிறேன்? ஒரு வருடம் என்று உட்கார்ந்து அது பத்து வருடம் ஆகிவிடுமோ என்று. மஸ்கட்டைப் பற்றி எழுத ஒன்றுமே இல்லை. அதுவே ஒரு பதில்தான்.

பேப்பரை வைத்து ஜெபம் பண்ணினேன். குரல் எதுவும் வரவில்லை. கனவும் வரவில்லை. ஆனால் இதுவரை 'எனக்கு வழி காட்டும்' என்று பொதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தவள், இப்போது பெயரும் தொகையும் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முடிவு இதுதான். ஜூனில் நான் சென்னை போகவில்லை. அடுத்த வருடம் மே மாதம் வரை கடையில். ஒன்று, கடை சொந்தக் காலில் நிற்க வேண்டும், அல்லது யாருக்கும் பாக்கி இல்லாமல் ஒழுங்காகக் கைமாற்றிவிட வேண்டும். அதற்குப் பிறகு சி.ஏ. இதை அப்பா, அம்மா இருவர் முன்னாலும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். அம்மா அழுதார். அப்பா இடது கையால் எழுதப் பழக ஆரம்பித்திருக்கிறார். இரண்டு மாதமாக சனி, ஞாயிறு மட்டும் நான் கடையில் உட்கார்ந்ததிலேயே 31,000 வசூலாகியிருக்கிறது. அத்தை மட்டும் இன்னும் பேசவில்லை :-)

இது கடவுள் காட்டிய வழிதான் என்று சத்தியம் பண்ணிச் சொல்வாயா என்று கேட்டால், மாட்டேன். எண்ணாகமம் 9-ஆம் அதிகாரத்தில், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு முன்னால் போன மேகம் சில நேரம் ஒரே ராத்திரியில் கிளம்பிவிடும், சில நேரம் ஒரு வருடம் கூட அசையாமல் நிற்கும் என்று வருகிறது. ஒரு வருடம்! வாசித்ததும் எனக்கென்றே எழுதியது மாதிரி இருந்தது. உடனே சுதாரித்தேன். இதையும் அந்த அட்டை மாதிரி எனக்குச் சாதகமாக வாசித்துவிடக் கூடாதல்லவா? அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: நிற்பதும் பயணத்தில் ஒரு பகுதி. போனவர்களை மட்டும் கடவுள் வழிநடத்தினார் என்று இல்லை.

பிளஸ் ஒன்னில் வங்கிச் சரிகட்டும் பட்டியல் போட்டது ஞாபகம் இருக்கிறதா? நம் ரொக்க ஏட்டில் ஒரு இருப்பு, பாஸ்புக்கில் ஒரு இருப்பு. இரண்டும் பொருந்தாது. யாரும் திருடவில்லை. அங்கே பதிவான சில விஷயம் நமக்கு இன்னும் தெரியாது, அவ்வளவுதான். தெரிய வரும்வரை நம் ஏட்டை நாம் ஒழுங்காக எழுத வேண்டும். அவருடைய ஏட்டில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்று தெரியாது. என் ஏட்டில் இன்றைய தேதிக்கு என்ன இருக்கிறது என்று தெரியும். ஏமி அம்மாவும் தன் பங்கை அப்படித்தான் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். சீனா இல்லையென்றால் ஜப்பான், ஜப்பான் இல்லையென்றால் இந்தியா என்று.

என்னை மாதிரி வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. 'ஆண்டவர் சொன்னார்' என்று இன்னொருவர் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லும் முன் பத்து முறை யோசிப்போம். கேட்கிறவர்களால் அதற்கு எதிர்ப்பேச்சே பேச முடியாது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, வந்து பார்த்தவர்களில் சிலர் 'தேவ சித்தம்' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு பெரியம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல் பத்து நாள் சோறு கொண்டுவந்தார். கடவுள் கூட இருக்கிறார் என்று அன்று எனக்குத் தெரிந்தது அந்தத் தூக்குவாளியில்தான்.

சரி, ரொம்ப நீளமாகப் போய்விட்டது. நீங்கள் எந்த மதமாக இருந்தாலும், சாமி நம்பிக்கையே இல்லாதவராக இருந்தாலும், இந்த மே மாதம் உங்களுக்கும் ஏதாவது ஒரு முடிவு காத்திருக்கும். ஐயர் கேட்ட மூன்று கேள்வியையும் ஒரு பேப்பரில் எழுதிப் பாருங்கள். மூன்றாவதுக்கு மட்டும் பொய் எழுதாதீர்கள்.

அடுத்த முறை காஸ்ட் அக்கவுண்டிங் பற்றி எழுதுகிறேன். பயப்படாதீர்கள், சுருக்கமாகத்தான். மீண்டும் சந்திப்போம்.